சோளம் கழுவிய தண்ணீர்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன சண்டை என்பது பாதிரியாருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். பாவசங்கீர்த்தனத்துக்கு மாதம் ஒருமுறை போனால் போதும். மாவரைக்க தினமும் வந்துதான் ஆகவேண்டும். காலை ஐந்தரைக்கு நான் மில் கதவைத் திறக்கும்போது வாசலில் வாளிகள் வரிசை கட்டி நிற்கும். சுண்ணாம்பு போட்டு வேகவைத்து ஊறவிட்ட மக்காச்சோளம், மேலே ஒரு ஈரத்துணி. எங்கள் மலையில் வருடத்தில் எட்டு மாதம் மூடுபனியும் தூறலும்தான். அந்த மூட்டத்தில் முகம் தெரியாவிட்டாலும் வாளியை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். சோளத்தை எத்தனை தண்ணீரில் அலசியிருக்கிறாள் என்று பார்த்தால் அவள் அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுவேன்.

தெல்ஃபினா நான்கு தண்ணீரில் அலசுவாள். அவள் சோளத்தில் ஒரு தோல்கூட ஒட்டியிருக்காது. முதல் தண்ணீரை மட்டும் அவள் கொட்டுவதில்லை. மஞ்சளாக, கஞ்சி போல வழவழவென்று, சுண்ணாம்பு வாடையோடு இருக்கும் அந்தத் தண்ணீரை ஆறவைத்து, வீட்டு முன்னால் நிற்கும் ஒர்த்தென்சியாச் செடிகளுக்கு ஊற்றுவாள். ஏழு செடிகள். ஜூன் பிறந்தால் ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நீல நீலமாகப் பூக்கொத்துகள்.

அந்த நீலத்துக்குத்தான் இத்தனை பாடும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி எங்கள் ஊர் மாதா சப்பரத்தில் ஏறுவாள். சப்பரம் முழுக்க நீல ஒர்த்தென்சியா இருக்கவேண்டும். சிவப்பும் ஆகாது, வெள்ளையும் ஆகாது. எந்த வீட்டுப் பூ சப்பரத்துக்குப் போகிறதோ அந்த வீட்டுக்காரன் சப்பரத்தின் முன்கொம்பைத் தோளில் தாங்குவான். அவன் மனைவி பக்கத்திலேயே சாம்பிராணித் தட்டோடு நடப்பாள். ஊர் முழுக்கப் பின்னால் வரும். பதினோரு வருடமாக அந்தக் கொம்பு தெல்ஃபினாவின் கணவன் ருத்திலியோவின் தோளிலும், அந்தச் சாம்பிராணி அவள் கையிலும்தான் இருந்தன. பதினோரு வருடமாக அவர்கள் இரண்டு பேரின் முதுகையும் பார்த்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட தெல்ஃபினாவின் மகளுக்கு நான் ஞானத்தாய். எங்கள் வழக்கத்தில் அது கூடப் பிறந்த உறவுக்கு ஒரு படி மேல். ஞானஸ்நானம் நடந்த அன்றைக்கே 'வாடி, போடி' எல்லாம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் அவளுக்கு 'கொமாத்ரே', அவள் எனக்கு 'கொமாத்ரே'. நீங்க, வாங்க, சொல்லுங்க என்றுதான் பேச்சு. கோபம் வந்தாலும் அந்த மரியாதை குறையக்கூடாது. குறைந்தால் சாமிகுத்தம்.

மில் வரிசையில் செடிக்கு எதை ஊற்றுவது என்பதுதான் மழைக்காலத்துப் பேச்சு.

"என் எலுமிச்சைக்கு நான் மிச்ச பீரை ஊத்துறேன். என்னமா காய்க்குது தெரியுமா" என்பாள் காத்தா. அவள் வாய் என் இயந்திரத்துக்கு மேல் சத்தம் போடும்.

"உங்க வீட்டுல பீர் மிச்சம் ஆகுதா? உங்க வீட்டுக்காரர் உடம்புக்கு என்ன?"

"தலைவலி மாத்திரை ரெண்டைக் கரைச்சு ஊத்திப் பாருங்க. ரோஜா அப்படியே நிமிர்ந்துக்கும்."

"ரோஜாவுக்கு எப்பங்க தலைவலி வந்துச்சு? உங்ககூட ஒரே வீட்டுல இருந்து வந்துச்சோ?"

பால் பாத்திரம் கழுவிய தண்ணீர், முட்டை வேகவைத்த தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், துருப்பிடித்த ஆணி ஊறவைத்த தண்ணீர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தெல்ஃபினா ஈரத்துணியை மடித்துக்கொண்டே கடைசியில் பேசுவாள்.

"சோளத்தோட சத்தெல்லாம் அந்த முதல் தண்ணியிலதான் இறங்குது. நாம சோளத்தைத் தின்னு நிக்கிறோம். செடி அதைக் குடிச்சு நிக்கட்டுமே."

யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். பதினோரு வருடம் சப்பரத்துக்குப் பூக்கொடுத்தவளிடம் யார் எதிர்த்துப் பேசுவது?

ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரை அவள் செடிக்கு ஊற்றியது கடைசி மூன்று வருடமாகத்தான். முன்பு அவர்கள் வீட்டில் பன்றி இருந்தது. தண்ணீர் பன்றித் தொட்டிக்குப் போனது. மூன்று வருடம் முன்னால் பன்றியை விற்றபோது, "இனிமே இதை எங்க கொட்டுறது கொமாத்ரே" என்று கேட்டாள். "பன்னியையே கொழுக்கவெச்ச தண்ணி, செடிக்கு ஆகாதா? அதுக்கு ஊத்துங்க" என்று சொன்னவள் நான்தான். அன்றைக்கு நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். இதை யாரும் நம்பவேண்டாம், ஆனால் உண்மை.

அதே வருடம்தான் ஒத்தீலியா வந்தாள். ஊரை விட்டுப்போய் இருபது வருடம் பட்டணத்தில் தையல் வேலை பார்த்தவள், அப்பன் செத்ததும் தெல்ஃபினா வீட்டுக்கு அடுத்த வீட்டைத் திறந்து குடியேறினாள். நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. மாவரைக்க வரமாட்டாள். கடையில் சுட்ட தொர்த்தியா ரொட்டியை வாங்கிச் சாப்பிடுவாள். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து காப்பி குடிப்பாள். குடித்து முடித்த மண்டியை ஜன்னல் வழியாகவே வெளியே கொட்டுவாள்.

"மாவரைக்காதவ வீட்டுல வேற என்ன இருக்கு கொட்ட?" என்பாள் காத்தா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு ஒரு வாளி குறைச்சல்.

ஒத்தீலியா வீட்டுத் தகரக் கூரை அத்தனை இடத்திலும் ஓட்டை. ருத்திலியோவுக்குக் கூரை வேலைதான் தொழில். மூன்று நாள் மழைக்கு நடுவில் ஏறி முடித்துக் கொடுத்தான். தெல்ஃபினா ஜன்னல் திரையைக் கொஞ்சமாக ஒதுக்கி மூன்று நாளும் பார்த்தாள். கூரைமேல் ஆணியடிக்கிற ஆளை அவள் எதற்குப் பார்க்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குப் பார்க்க ஒருத்தன் இருந்தான், பார்த்தாள். எனக்கு இருந்தவன் பதினான்கு வருடம் முன்னால் எல்லை தாண்டி வடக்கே போனான். முதலில் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிட்டான், அப்புறம் பெரிய நாள்களில் மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. அங்கே அவனுக்கு வீடும் பிள்ளைகளும் இருப்பது ஊருக்கே தெரியும். சப்பரத்துக்குப் பூக்கொடுக்க எனக்கு ஆசை இருந்தது. கொம்பைத் தாங்க ஆள் இல்லாதவளிடம் யாரும் பூக் கேட்கவே மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் தெல்ஃபினாவின் செடியில் ஓரமாக இரண்டு கொத்து ஊதா நிறமாகப் பூத்தன. அதற்கடுத்த வருடம் பாதிச் செடி ஊதா. தேடிப் பொறுக்கி எடுத்து எப்படியோ சப்பரத்தை நிரப்பினாள். இந்த வருடம் ஜூனில் மொட்டு விரிந்தபோது எல்லாமே இளஞ்சிவப்பு. இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒத்தீலியா வீட்டில் வரிசையாகப் பன்னிரண்டு செடிகள். அத்தனையும் நீலம்.

எனக்குக் காரணம் தெரியும். இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். என் மில்லுக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் ஒரு ஒர்த்தென்சியாப் புதர் உண்டு. தெருப் பெண்கள் எல்லோர் வாளியிலிருந்தும் சிந்துகிற சுண்ணாம்புத் தண்ணீர் அந்தச் சாக்கடையில்தான் ஓடும். புதரின் சாக்கடைப் பக்கம் இளஞ்சிவப்பாகப் பூக்கும், மேட்டுப் பக்கம் நீலமாகப் பூக்கும். ஒரே புதர். பல வருடம் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தெல்ஃபினாவின் செடி ஊதா ஆன வருடம்தான் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். சாக்கடைப் பக்கத்துக் கிளை ஒன்றை ஒடித்து, பன்றிக்கொழுப்பு வந்த பெரிய டப்பாவில் காட்டு மண் போட்டு நட்டேன். மழைத்தண்ணீரைத் தவிர எதுவும் ஊற்றவில்லை. இரண்டு வருடத்தில் அது மூன்று கொத்துப் பூத்தது. மூன்றும் நீலம்.

எங்கள் மண்ணில் நீலம் தானாக வருகிறது. காப்பி மண்டியும் கொடுக்கவேண்டாம், ஆணியும் கொடுக்கவேண்டாம். சும்மா விட்டாலே நீலம்தான். சுண்ணாம்புதான் கெடுக்கிறது. இரண்டு வரி. தெல்ஃபினா தினமும் காலையில் என் முன்னால் நிற்கிறாள். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. அவள் செடி வெளுப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. வெட்கம்தான், ஆனால் பிடித்திருந்தது.

ஜூலை கடைசியில் ஒரு மத்தியானம் தெல்ஃபினா என் அடுக்களைக்கு வந்தாள். கையில் இனிப்பு ரொட்டி. நான் பட்டையும் வெல்லமும் போட்டுக் காப்பி வைத்தேன். வெளியில் தூறல். அவள் ரொட்டியைப் பிய்த்துக் காப்பியில் முக்கிக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

"கொமாத்ரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மனசுக்குள்ளயே வெச்சுக்கணும்."

"சொல்லுங்க."

"அவ என்னவோ பண்றா."

"எவ?"

"எவன்னு தெரியாத மாதிரி கேக்காதீங்க. அவ வந்ததுக்கு அப்புறம்தான் என் செடி நிறம் மாறுச்சு. நான் சும்மா சொல்லலை, நாளைக் கணக்குப் பண்ணிப் பாருங்க. அவ வந்தது மார்ச்சு. அடுத்த வருஷம் ஜூன்லயே ஊதா."

"சும்மா இருங்க. கண்ணு பட்டிருக்கும். சிவப்பு நாடா கட்டினீங்களா?"

"ஏழு செடிக்கும் கட்டினேன். அதுவும் வெளுத்துப்போச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "செடி மட்டும்னா பரவால்ல. எங்க வீட்டு ஆளு இப்பல்லாம் வாசல்ல உக்காந்துதான் காப்பி குடிக்கிறாரு. முன்ன எல்லாம் அடுப்பு முன்னாலதான் குடிப்பாரு. 'என்ன அங்க போய் உக்காந்திருக்கே'ன்னா, 'பூ பாக்குறேன்'ங்கிறாரு. என் பூவையா பாக்குறாரு? என் பூவுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"ஆம்பளைங்க எங்கயாவது பாத்துக்கிட்டுத்தான் காப்பி குடிப்பாங்க."

"நேத்து சொல்றாரு, 'ஒத்தீலியாவோட பூ வானத்தை வெட்டி வெச்ச மாதிரி இருக்குல்ல'ன்னு. இருபத்திரெண்டு வருஷத்துல என்னைப் பத்தி ஒரு வார்த்தை இப்படிச் சொன்னதில்ல கொமாத்ரே. உப்புக் கம்மின்னு சொல்லியிருக்காரு, கதவைச் சாத்துன்னு சொல்லியிருக்காரு. வானம் கீனம்னு எல்லாம் பேசத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

அவள் கண் கலங்கியது. எனக்கு ஒரு நிமிடம் இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. கதவைச் சாத்து என்று சொல்லவாவது ஆள் இருக்கிறானே என்று தோன்றியது.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். "இந்த வருஷம் பூப் போகலைன்னா கொம்பும் போகும். கொம்பு போனா அவரு என்கூட எங்க நடப்பாரு? வருஷத்துல அந்த ஒரு நாள்தான் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா நடக்குறோம்."

இதுதான் சமயம். வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"இன்னும் ரெண்டு வாளி சேத்து ஊத்திப் பாருங்க" என்றேன்.

ஊற்றினாள். காத்தா வீட்டுத் தண்ணீரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஊற்றினாள். அடியில் இருந்த இலைகள் உதிர ஆரம்பித்தன.

ஆகஸ்ட் பத்தாம் தேதி பிரிஹிதா பூப் பார்க்க வந்தாள். அந்த வருடத் திருவிழாப் பொறுப்பு அவள் குடும்பத்துக்கு. பருத்த உடம்பு, கறுப்புக் குடை, ஆண்களைத் தோன் என்றும் பெண்களைத் தோன்யா என்றும் மரியாதையாகக் கூப்பிட்டு, யாரையும் புண்படுத்தாமல் பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டே புண்படுத்திவிடுகிற வாய். நானும் காத்தாவும் தெருவில் நின்றிருந்தோம். நிற்கவேண்டும் என்றேதான் நின்றிருந்தோம்.

தெல்ஃபினாவின் வாசலில் பிரிஹிதா குடையைச் சாய்த்து ஏழு செடிகளையும் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு தோன்யா தெல்ஃபினா. கல்யாணத்துக்கு வெச்சா ரொம்ப நல்லா இருக்கும்."

ருத்திலியோ கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதிகம் பேசாதவன்.

பிரிஹிதா நான்கு எட்டு நடந்து அடுத்த வீட்டுச் சுவருக்குப் போனாள். ஒத்தீலியா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். பன்னிரண்டு செடியும் மழையில் தலை கனத்துச் சாய்ந்து நின்றன.

"இதுதான்" என்றாள் பிரிஹிதா. "மாதா துப்பட்டி நிறம் அப்படியே இருக்கு. குடுப்பீங்களா?"

"எடுத்துக்குங்க. எனக்கு எதுக்கு இத்தனை?" என்றாள் ஒத்தீலியா.

"சாம்பிராணி நீங்கதான் எடுக்கணும். கொம்புக்கு..." பிரிஹிதா சுற்றிலும் பார்த்தாள். ஒத்தீலியா வீட்டில் ஆண்துணை இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடனே முகம் தெளிந்தது. "கொம்பு தோன் ருத்திலியோவே தாங்கட்டும். பதினோரு வருஷம் தாங்கின தோளு. பாரம் பழகின ஆளு. நீங்க ரெண்டு பேரும் முன்னால நடங்க. என்ன சொல்றீங்க?"

காத்தா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். பிரிஹிதாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவே இல்லை. ஊர் முழுக்கப் பார்க்க, மாதாவுக்கு முன்னால், ஜோடியாக.

தெல்ஃபினா சுவர் ஓரமாக வந்து நின்றாள்.

"அந்தச் செடி எங்க இருந்து வந்துச்சு?" என்றாள். ஒத்தீலியாவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

ஒத்தீலியா ருத்திலியோவைப் பார்த்தாள். பார்த்திருக்கக்கூடாது.

"நான்தான் குடுத்தேன்" என்றான் ருத்திலியோ. "கூரை வேலை நடந்தப்ப. நம்ம செடியைக் கவாத்துப் பண்ணின குச்சிங்க. நீதான் குப்பையில போடச் சொன்னே. அவங்க கேட்டாங்க, ஒரு கட்டுக் குடுத்தேன்."

"என் செடி."

"குப்பைக் குச்சி, தெல்ஃபினா."

"என் செடியை ஒடிச்சு அவ கையில குடுத்திருக்கே. அன்னைலேர்ந்து என் வீட்டுல நிறம் போச்சு, அவ வீட்டுல நிறம் ஏறுச்சு. மூணு வருஷமா அதைப் பாத்துக்கிட்டு வாசல்ல உக்காந்து காப்பி குடிக்கிறே."

"பைத்தியக்காரி மாதிரிப் பேசாத. பூவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லன்னா ஏன் மூணு வருஷமா சொல்லலை?"

பொண்டாட்டி சண்டை பிடிப்பாள் என்று ஆம்பளை மறைத்த ஒரு சின்ன விஷயம், மூன்று வருடம் மறைத்ததால் பெரிய விஷயமாகிவிட்டது. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"போ" என்றாள் தெல்ஃபினா. "சுவருக்கு அந்தப் பக்கம் போறதா இருந்தாலும் போ. கொம்பைத் தூக்கு. ஆனா இந்த வாசலுக்கு வராத."

அவன் சுவருக்கு அந்தப் பக்கம் போகவில்லை. தெருவோடு இறங்கி, கீழே அவன் தம்பியின் காப்பித் தோட்டத்துக்குப் போனான். ஒத்தீலியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குத் தையல் இயந்திரச் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் தெல்ஃபினா மில்லுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒருத்திக்கு எதற்கு மாவரைக்கவேண்டும்? வரிசையில் அவள் வாளி நிற்கிற இடத்தை யாரும் நிரப்பாமல் விட்டிருந்தார்கள். காத்தா மட்டும் வாய் ஓயாமல் பேசினாள். ருத்திலியோவும் ஒத்தீலியாவும் ஆற்றங்கரையில் சந்தித்தது, பட்டணத்திலேயே பழக்கம் இருந்தது என்று இல்லாததும் பொல்லாததும் முளைத்துக்கொண்டிருந்தன. கேட்டுக்கொண்டே அரைத்தேன். வெளுத்த பூவைப் பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு வீடு இரண்டாகப் பிரிவதைப் பார்க்க ஆசைப்படவில்லை. அப்படி ஒரு கோடு எனக்குள் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்பைக்கூட மூட்டவில்லை. நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் தரையில் வைத்தேன். மூன்று நீலக் கொத்தும் ஆடி நின்றன.

"இது எங்க இருந்து?" என்றாள்.

"என் சாக்கடைப் புதரோட கிளை. இளஞ்சிவப்பாப் பூத்த கிளை. காட்டு மண்ணுல வெச்சேன், மழைத்தண்ணி மட்டும் ஊத்தினேன். நீலமாப் பூத்துச்சு. உங்க செடியைக் கெடுத்தது யாரு கண்ணும் இல்ல கொமாத்ரே. சோளம் கழுவின தண்ணி. அதுல இருக்கிற சுண்ணாம்பு. ஒத்தீலியா மாவரைக்கிறதில்ல, அதனால அவ செடிக்குச் சுண்ணாம்பு போகல. அவ்வளவுதான்."

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறாமையில சொல்றீங்க" என்றாள் மெதுவாக. "அவ பூப் போறதுக்கு நியாயம் பேச வந்திருக்கீங்க."

"பொறாமைதான். ஆனா சொல்லும்போது இல்ல. சொல்லாம இருந்தப்ப."

"என்ன?"

"எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்."

தெல்ஃபினா எழுந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ரெண்டு வாளி சேத்து ஊத்துன்னு சொன்னே" என்றாள். "உன் காப்பியைக் குடிச்சுக்கிட்டு உன் அடுக்களையில உக்காந்து அழுதேன். நீ ரெண்டு வாளி சேத்து ஊத்துன்னு சொன்னே."

இருபது வருடத்தில் முதல்முறை 'நீ' என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எதுக்கு?"

"பின்னால நடந்து நடந்து அலுத்துப்போச்சு."

அவளுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. ஜன்னலுக்குப் போய் வெளியே அந்த ஏழு செடிகளையும் பார்த்தாள். வெளுத்த சிவப்பு நாடாக்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன.

"நீ சொல்றது நெசம்னா, என் கையாலதான் கெடுத்திருக்கேன்" என்றாள். "தினம் காலையில எழுந்திரிச்சு, பாத்துப் பாத்து, ஆறவெச்சு ஊத்திக் கெடுத்திருக்கேன். அவ ஒண்ணும் பண்ணலை. அவரும் ஒண்ணும் பண்ணலை. ஒரு பாவமும் அறியாத மனுஷனைத் தெருவுல வெச்சுப் போன்னு சொல்லியிருக்கேன். இதை நான் எப்படித் தாங்குறது? அவளைத் திட்டிக்கிட்டு இருந்தப்ப லேசா இருந்துச்சு."

"நான் போய் ருத்திலியோகிட்ட சொல்றேன்."

"நீ போகவேணாம்." திரும்பினாள். முகம் கல் மாதிரி இருந்தது. "நாளைக்கு மில்லுல சொல்லு. எல்லாரும் இருக்கும்போது. என்கிட்ட நாலு பேரு இல்லாத இடத்துல சொல்லிட்டுப் போனா உனக்கு முடிஞ்சுடும். எனக்கு முடியாது. அவளையும் வரச் சொல்லு. அவளைப் பத்தி அங்க என்னென்ன பேசினாங்களோ, அங்கயே நின்னு கேக்கட்டும்."

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஒத்தீலியா வீட்டுக் கதவைத் தட்டினேன். கொஞ்சமாகத் திறந்தாள்.

"நாளைக்குக் காலையில மில்லுக்கு வரணும்."

"எனக்கு அரைக்கச் சோளம் இல்லையே தோன்யா எர்லிந்தா."

"காலி வாளியோட வாங்க."

"கேலி பண்ணவா?"

"என்னைப் பண்ணுவாங்க. நீங்க நின்னு பாக்கலாம்."

மறுநாள் ஐந்தரைக்கு வரிசையில் பதினாறு வாளிகள். பதினைந்தாவது தெல்ஃபினாவுடையது. கடைசியில் ஒரு காலி வாளி, அதைப் பிடித்துக்கொண்டு ஒத்தீலியா. காத்தா பேச்சை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு வாளியாக அரைத்துக்கொண்டே வந்தேன். தெல்ஃபினாவின் வாளி வந்தது. அவள் சோளத்தைக் கொட்டவில்லை. என்னைப் பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்தினேன்.

சொன்னேன். சாக்கடைப் புதர், டப்பா, இரண்டு வருடம், இரண்டு வாளி எல்லாவற்றையும் சொன்னேன். ருத்திலியோ கூரைதான் போட்டான் என்றேன். ஒத்தீலியா குப்பைக் குச்சியைக் கேட்டு வாங்கினாள், அவ்வளவுதான் என்றேன். இத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன் என்றேன். ஏன் இருந்தேன் என்றும் சொன்னேன்.

அரைத்த மாவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியில் காத்தா கேட்டாள்: "அப்ப என் எலுமிச்சைக்கு என்ன ஊத்துறது?"

"சும்மா விடு" என்றேன்.

தெல்ஃபினா திரும்பி ஒத்தீலியாவைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அவள் கேட்கவில்லை.

"கூரை இப்ப ஒழுகுதா?" என்றாள்.

"இல்ல" என்றாள் ஒத்தீலியா. "மூணு மழைக்காலம் ஆச்சு. ஒரு சொட்டு இறங்கல."

"அவரு வேலை சுத்தமா இருக்கும்."

"ஆமா."

தெல்ஃபினா சோளத்தை இயந்திரத்தின் வாயில் கொட்டினாள். நிறைய ஊறவைத்திருந்தாள், இரண்டு பேர் சாப்பாட்டுக்கு வேண்டிய அளவு. நான் அரைத்துக் கொடுத்தேன். மாவை உருட்டி வாளியில் வைத்து ஈரத்துணியைப் போட்டாள். என்னைக் கொமாத்ரே என்று சொல்லவில்லை, நாளைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வாசலைத் தாண்டி வலதுபக்கம் வீட்டுக்குத் திரும்பாமல், இடதுபக்கம் காப்பித் தோட்டத்துக்கு இறங்குகிற பாதையில் நடந்தாள். சூடான மாவு வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சேறு வழுக்குகிற இடத்தில் பக்கத்து வேலியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

தெருவே பார்க்க என் மானம் போன நாள் அது. ஆனாலும் மூடுபனிக்குள் அவள் முதுகு மறைகிறவரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன். போய்க் கூப்பிட்டால் வருகிற தூரத்தில் அவளுக்கு ஒருத்தன் இருந்தான். எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.